ஒட்டகம் தண்ணீர் குடித்த கதை

இடது விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கமாக, யாரோ திருப்புளியை வைத்துத் திருகுவது போல ஆரம்பித்தது. முதலில் வாய்வு என்று நினைத்தான். காலையில் அவசரமாக விழுங்கிய ரொட்டியின் வேலையாக இருக்கும் என்று இடுப்பை ஒரு பக்கமாக ஒடித்து உட்கார்ந்து பார்த்தான். திருப்புளி நகரவில்லை. இன்னும் ஒரு சுற்று திருகிவிட்டு அடிவயிற்றுக்கு இறங்கியது. நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. அவன் உட்கார்ந்திருந்தது கிரேனின் உச்சியில், அறுபது மீட்டர் உயரத்துக் கேபினில். கீழே கொக்கியில் ஒன்றரை டன் கம்பிக்கட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

“இன்னும் ரெண்டடி எறக்கு. ரெண்டே அடி... ஏன் நிப்பாட்டிட்ட?”

வாக்கிடாக்கியில் கொடிக்காரரின் குரல். கொடியை ஆட்டிக் கிரேனுக்கு வழி காட்டிய காலம் மலையேறி வருஷக்கணக்காகிவிட்டது. இப்போது கையில் இருப்பது வாக்கிடாக்கிதான், ஆனாலும் பெயர் கொடிக்காரர் என்றே நின்றுவிட்டது.

கிரேன்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு லீவரை நூல் நூலாகத் தள்ளினான். பூனை கால் வைப்பது போலக் கம்பிக்கட்டு பத்தாவது மாடித் தளத்தில் உட்கார்ந்தது. கொக்கி கழன்றதும் பிரேக்கைப் பூட்டி, விசையை அணைத்துவிட்டு, கேபின் தரையில் நாலாக மடங்கிச் சரிந்தான்.

“ஏய் ஒட்டகம்! தூங்கிட்டியா?”

“செத்துட்டேன். மேல வா.”

ஒட்டகம் என்பது கேலிப் பெயர் இல்லை. அந்த வேலைத்தளத்தில் அது பட்டம். காலை ஏழு மணிக்கு ஏறினால் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் அவன் இறங்குவான். மதியச் சாப்பாடு வாளியில் வைத்துக் கொக்கி வழியாக மேலே போய்விடும். கேபினிலிருந்து தரைக்கு ஏணியில் இறங்க இருபது நிமிஷம், திரும்ப ஏற அரை மணி. தரைக்கு வந்த பிறகும் சிமெண்ட் கிடங்குக்குப் பின்னால் இருக்கும் கழிப்பறைக்கு ஒரு நடை நடக்க வேண்டும். அவ்வளவு பாடுபடுவதற்குத் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடலாம் என்பது கிரேன்காரர்கள் எல்லோரும் கண்டுபிடித்து வைத்திருந்த வழி. மற்றவர்கள் நாளைக்கு ஒரு தடவையாவது இறங்குவார்கள். இவன் ஒன்பது வருஷமாக இறங்கியதில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு மேஸ்திரி அண்ணாந்து விரலை நீட்டிக் காட்டுவார். “பாத்துக்க. மேல ஒருத்தன் இருக்கான். ஏறினா ஏறினதுதான். வேலைன்னா அது.” பெயின்டர் ஒருவன் அவனுடைய தலைக்கவசத்தில் ஒரு ஒட்டகமே வரைந்து கொடுத்திருந்தான். திமில் கொஞ்சம் கோணல். இருந்தாலும் அவன் அந்தத் தலைக்கவசத்தைத் தினமும் துடைத்துத்தான் மாட்டுவான்.

கொடிக்காரர் மூச்சு வாங்க மேலே வந்து பார்த்தபோது ஒட்டகம் வெளிறிப்போய்க் கிடந்தது. வலி அலை அலையாக வந்தது. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில் பத்துப் படி, இருபது படி என்று இறங்கினார்கள். கொடிக்காரர் ஒரு படி கீழே நின்று அவனுடைய பூட்ஸ் காலைத் தன் தோளில் வாங்கிக்கொண்டார்.

“எங்கப்பாவைக்கூட நான் இப்படித் தோள்ல தாங்கினதில்லடா.”

“பேசாம எறங்கு. குமட்டுது.”

“குமட்டுதா? டேய், கொஞ்சம் பொறு, நான் அந்தப் பக்கம் நகந்துக்கறேன்.”

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். வலி கழன்று விழுந்த மாதிரி போய்விட்டது. போன பிறகு, அவ்வளவு வலி நிஜமாகவே இருந்ததா என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது. ஸ்கேன் எடுத்து முடித்து டாக்டரின் அறையில் உட்கார்ந்தபோது அவன் மனைவி வந்து சேர்ந்தாள். பெட்ரோல் பங்கின் நீலச் சட்டையோடு, கையில் பெட்ரோல் வாசனையோடு, பாதி ஷிப்ட்டில் ஓடி வந்திருந்தாள்.

“கல்லு,” என்றார் டாக்டர். நரைத்த கிராப்புத் தலையும் சிரிக்காத முகமுமாக இருந்த அம்மாள். “அஞ்சு மில்லிமீட்டர். கிட்னியிலேர்ந்து கிளம்பி, குழாயோட கீழ்முனைக்கு வந்து நிக்குது. தானா விழ வாய்ப்பு இருக்கு. நாலு வாரம் பார்ப்போம். விழலன்னா உள்ள கருவி விட்டு எடுக்கணும். நடுவுல காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் நின்னாலோ, வலி தாங்க முடியலன்னாலோ அந்த நிமிஷமே வரணும். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?”

“குடிப்பேன்.”

“எவ்வளவு?”

மனைவி முந்திக்கொண்டாள். “காலைல ஒரு டீ. சாயங்காலம் வந்ததும் ஒரு டீ. நடுவுல அவரு எச்சில்.”

“பசிச்சா?”

“உப்புக்கடலை, டாக்டர். பாக்கெட் பாக்கெட்டா கொண்டு போவாரு. காஞ்சதா தின்னா ஒண்ணுக்கு வராதாம். அவரோட ஆராய்ச்சி.”

“நல்லா ஆராய்ஞ்சிருக்காரு. மேல வெயிலு, உடம்புல வேர்வை, வாயில உப்பு, தண்ணி கிடையாது. கல்லு செய்யறதுக்கு இதைவிடக் கச்சிதமான கலவை இல்ல.” டாக்டர் காகிதத்தை இழுத்து எழுத ஆரம்பித்தார். “தண்ணி மூணு லிட்டர். ஒரேயடியா இல்ல, நாள் முழுக்கப் பரவலா. வேர்த்தா இன்னும் கூட. ரெண்டரை லிட்டர் வெளிய வரணும், நிறம் வெளுப்பா இருக்கணும். எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடிங்க, உப்பு போடாம. கருவாடு, ஊறுகாய், உப்புக்கடலை, மூணையும் மறந்துடுங்க. கறி தினமும் வேணாம். பசலைக்கீரையைக் கொஞ்ச நாள் தள்ளி வைங்க.”

“கீரை நல்லதுன்னு வாரத்துல நாலு நாள் அதைத்தானே செய்றேன்?”

“நல்லதுதான். இவருக்கு ஆகாது. அப்புறம், வடிகட்டி வச்சு சிறுநீர் போகணும். விழற கல்லைப் பிடிச்சு என்கிட்ட கொண்டாங்க. என்ன கல்லுன்னு பார்க்கணும். லிட்டர் கணக்கெல்லாம்...”

“லிட்டர் கணக்கு எனக்குச் சொல்லித் தராதீங்க டாக்டர். பத்து வருஷமா அதான் பொழப்பு.”

முதல் தடவையாக டாக்டர் சிரித்தார். எழுந்து கொள்ளும்போதுதான் என்ன வேலை என்று கேட்டார். கிரேன் என்றான். அவருடைய பேனா நின்றது.

“மேல இருக்கப்போ மறுபடி வலி வந்தா?”

“இன்னைக்கு வந்துச்சே. சமாளிச்சேனே.”

“நீங்க சமாளிச்சீங்க. கீழ நிக்கிறவன் தலையும் சமாளிக்கணுமே.”

கல் போகும் வரை கிரேனில் ஏறக் கூடாது என்று தனிச்சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தச் சீட்டை எஞ்சினியர் இரண்டு தரம் படித்தார். நல்ல மனுஷர், ஆனால் பதினாலு மாடியும் மழைக்கு முன்னால் முடிய வேண்டிய அவசரத்தில் இருந்தவர்.

“நாலு வாரத்துக்கு மாத்து ஆள் போடறேன். நீ கீழ கொடிக்காரரோட நில்லு. கல்லு போச்சுன்னு பேப்பர் கொண்டா, கேபின் சீட்டு உன்னுது. நாலு வாரம் தாண்டிச்சுன்னா, வந்த ஆளையே வச்சுக்குவேன். என்னைத் தப்பா நினைக்காதே.”

அவன் தப்பாக நினைக்கவில்லை. பயந்தான். லீவர் பிடித்த கைக்கு வேறு வேலை தெரியாது. அந்தக் கேபினில் அவன் இருக்கையின் பள்ளம்கூட அவன் உடம்பின் அளவுக்குத்தான் அமுங்கியிருந்தது.

சாயங்காலம் மச்சான் வந்தார், மனைவியின் அண்ணன். லாரி ஓட்டுகிறவர். அவருக்கும் ஒரு காலத்தில் கல் இருந்ததாகவும், அதை மூன்றே நாளில் துரத்திவிட்டதாகவும் சொல்லிக்கொண்டு சட்டமாக நாற்காலியில் அமர்ந்தார்.

“மாப்ள, கல்லுன்னா என்ன? சுண்ணாம்பு. பால்ல என்ன இருக்கு? சுண்ணாம்பு. மொதல்ல பாலையும் தயிரையும் நிறுத்து. ரெண்டாவது, பீர். நாலு பாட்டில் உள்ள போச்சுன்னா கல்லு குட்டிக்கரணம் போட்டு வெளிய வந்துடும்.”

“அண்ணே,” என்றாள் அவள் அடுப்பங்கரையிலிருந்து, “நீ பீர் குடிக்கறதுக்கு எம் புருஷன் கிட்னியச் சாக்கு வைக்காதே.”

“நல்லதுக்குச் சொன்னா...”

“அந்தக் கடலைப் பாக்கெட்டை இப்படிக் குடு. யாரு வாங்கிட்டு வந்தது? நீயா? நோயாளியப் பாக்க வர்றப்போ ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வரணும்னு லாரிக்காரங்களுக்குத் தெரியாதா?”

பீர் தப்பித்தது. பால் மாட்டிக்கொண்டது. மறுநாளிலிருந்து வீட்டில் பால் இல்லை. டீ கறுப்பாக வந்தது. பத்து வயது மகள் தயிர் கேட்டு அழுதுவிட்டு, அப்பாவின் கல்மேல் கோபமாகப் பள்ளிக்கூடம் போனாள். குழந்தையாவது சாப்பிடட்டுமே என்று அவன் சொன்னதற்கு, வீட்டில் இருந்தால் உங்கள் கை சும்மா இருக்காது என்று பதில் வந்தது. குழம்புச் சட்டியில் உப்பு பாதியாகக் குறைந்தது. டீ வடிகட்டி ஒன்று புதிதாக வந்து, பிடியில் சிவப்பு நூல் கட்டிக் குளியலறை ஆணியில் தொங்கியது. “இது அது இல்ல, அது இது இல்ல. மாத்தி எடுத்தீங்க, கொன்னுடுவேன்,” என்று இரண்டு வடிகட்டியையும் தூக்கிக் காட்டி எச்சரித்தாள்.

காலையில் மூன்று பாட்டில் தண்ணீரைப் பையில் வைத்து அனுப்பினாள். மூன்று நாள் அது அப்படியே திரும்பி வந்தது. அவன் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே நின்றபடி மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக மடக் மடக்கென்று கவிழ்த்துவிட்டு, பையைக் காலியாக உள்ளே கொண்டுவருவான். மூன்றாம் நாள் வாசலிலேயே பிடித்துவிட்டாள்.

“என்ன பண்றீங்க?”

“தண்ணி குடிக்கிறேன்.”

“இது குடிக்கறதா? டேங்க் ரொப்பறது. லாரிக்கு ஊத்தற மாதிரி ஒரேயடியா ஊத்திட்டு வயித்தத் தூக்கிக்கிட்டு நிக்கிறீங்க. பகல்ல ஏன் குடிக்கல? இப்பதான் கீழ நிக்கிறீங்களே, எறங்கணும், ஏறணும்னு ஒண்ணும் இல்லையே?”

அவன் செருப்பைப் பார்த்தான். “எல்லாரும் பாக்கறாங்கடி. ஒட்டகம் மூணாவது தடவையா கெடங்குக்குப் பின்னால போவுதுன்னு...”

“போனா?”

“பேருன்னு ஒண்ணு இருக்குல்ல.”

“பேரா?” அவள் பாட்டிலை வாங்கிக் கீழே வைத்தாள். “எங்க பங்க்ல கக்கூஸ் சாவி மேனேஜர் டிராயர்ல கெடந்துச்சு. நாங்க நாலு பொம்பளைங்க. ஒவ்வொரு தடவையும் போய் நின்னு ‘சார், சாவி’ன்னு கேக்கணும். கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு நாலு பேரும் தண்ணியே குடிக்காம ஒரு வருஷம் நின்னோம். ஒரு நாள் நானே டிராயரத் தொறந்து, சாவிய எடுத்து, ஆம்பளைங்க பொம்பளைங்க எல்லாரும் பாக்கற மாதிரி செவுத்துல ஆணி அடிச்சு மாட்டினேன். என்ன ஆச்சு? பங்க் பத்திக்கிச்சா?”

“நீ இத எங்கிட்ட சொன்னதே இல்லையே.”

“நீங்க கேட்டதே இல்லையே. தண்ணி வேணும்னே கேக்காத மனுசன், அடுத்தவ எங்க ஒண்ணுக்குப் போறாளுன்னா கேப்பாரு?”

மறுநாள் அவன் பத்து மணிக்குப் பாட்டிலைத் திறந்தான். கொடிக்காரர் வாக்கிடாக்கியில் அறிவித்தார்: “எல்லாரும் கேளுங்க. ஒட்டகம் தண்ணி குடிக்குது. ஒட்டகம் தண்ணி குடிக்குது. ஓவர்.” பத்து மாடியிலிருந்தும் விசில் பறந்தது. காது சிவந்தாலும் பாட்டிலைப் பாதிவரை இறக்கிவிட்டுத்தான் வைத்தான்.

மூன்று நாள் கிரேன் சும்மா நின்ற பிறகு, அன்று காலையில்தான் மாற்று ஆளும் வந்து சேர்ந்திருந்தாள். ஆள் என்றால் ஆண் என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். வந்தது முப்பத்தைந்து வயதுப் பெண். குட்டையாக, திடமாக, முழுக்கைச் சட்டையும் முதுகுப்பையுமாக. கிரேனை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தாள். கம்பி வடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவனிடம் வந்தாள்.

“வணக்கம்ணே. காத்து எந்தப் பக்கம் அதிகம் அடிக்கும்?”

“மதியத்துக்கு மேல கெழக்கால. கிரேனோட கை கொஞ்சம் இழுக்கும்.”

“சரி. கக்கூஸ் எங்க இருக்கு?”

அவன் கிடங்குப் பக்கம் கையைக் காட்டினான். அவள் அந்தத் தூரத்தை அளந்தாள். கேபினின் உயரத்தை அளந்தாள். முதுகுப்பையை இறுக்கிக்கொண்டு ஏறிப்போனாள்.

பத்தரை மணிக்குக் கிரேன் நின்றது. கலவை லாரி வாயைத் திறந்து காத்திருந்தது. ஏணியில் ஒரு மஞ்சள் தொப்பி நிதானமாக இறங்கி வந்தது. மேஸ்திரி குதித்தார்.

“என்னம்மா ஆச்சு? மெஷின் கோளாறா?”

“ஒண்ணுக்குப் போறேன்.”

“அதுக்கு? கான்கிரீட் காயுதும்மா!”

“அப்ப மேல ஒண்ணு வச்சுக் குடுங்க. சீக்கிரம் போய்ட்டு வந்துடுவேன்.”

போய்விட்டு வந்தாள். கையைக் கழுவி, பாட்டிலை நிரப்பிக்கொண்டு ஏறினாள். ஒரு மணி நேரம் போயிற்று. மாலை நாலு மணிக்கு மறுபடியும் இறங்கினாள். மறுநாளும் பத்தரை, நாலு. “எங்க ஒட்டகம் ஒம்போது வருஷம் எறங்கினதில்ல, தெரியுமா?” என்று மேஸ்திரி அவள் காதுபட உறுமினார். அவள் அவன் பக்கம் திரும்பிப் பார்த்து, “அதான் இப்ப ஒரேயடியா எறங்கிட்டாரு போல,” என்றாள். கொடிக்காரர் சிரித்த சிரிப்பில் வாக்கிடாக்கி கை நழுவியது. ஒட்டகத்துக்குச் சுருக்கென்றது.

மூன்றாம் நாள் எஞ்சினியர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவள் இறங்கி ஏறும் நேரத்தில் ஏழு வாளி கான்கிரீட் போட்டுவிடலாம். சாயங்காலமே ஒரு லாரியில் பச்சை நிறப் பிளாஸ்டிக் கழிப்பறை ஒன்று வந்து இறங்கியது. பத்தாவது மாடியில் கிரேனைக் கட்டடத்தோடு பிணைத்திருக்கும் இடத்தில் அதை வைப்பது என்று முடிவாயிற்று. கேபினிலிருந்து இரண்டு ஏணி இறங்கி, ஒரு பலகைப் பாலம் தாண்டினால் போதும்.

அதற்கு வடம் கட்டும் வேலை ஒட்டகத்துக்கு வந்தது. நாலு மூலையிலும் பட்டை மாட்டி, இழுத்துப் பார்த்து, தூக்கலாம் என்று சைகை காட்டினான். கழிப்பறை தரையை விட்டுக் கிளம்பியது. வேலை செய்த கைகள் எல்லாம் நின்றன. கம்பி கட்டுகிறவர்கள், சாந்து சுமக்கும் பெண்கள், தச்சர்கள் எல்லோரும் அண்ணாந்தார்கள். ஆகாயத்தில் பச்சையாக அது ஒய்யாரமாகச் சுழன்று சுழன்று ஏறியது. ஆறாவது மாடிக்கு நேரே போனபோதுதான் கதவுக்குக் கயிறு கட்ட மறந்துபோனது அவனுக்கு உறைத்தது. கதவு படாரென்று திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. உள்ளேயிருந்து ஒரு சிவப்பு மக் எட்டிப் பார்த்து, யோசித்து, குதித்தது. குதித்து, வெற்றிடமாகக் கிடந்த அவ்வளவு பெரிய தரையை விட்டுவிட்டு, மேஸ்திரியின் தலைக்கவசத்தில் டொக்கென்று விழுந்து எகிறியது.

“திறப்பு விழா முடிஞ்சுது!” என்று மேலேயிருந்து அவள் குரல் வந்தது.

மேஸ்திரியே சிரித்துவிட்டார். ஒட்டகம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணல்மேட்டில் உட்கார்ந்து சிரித்தான். சிரிப்பில் கல் விழுந்துவிடுமோ என்றுகூட ஆசைப்பட்டான். விழவில்லை.

முதல் வாரம் முடிந்து டாக்டரிடம் போனபோது மனைவி பெருமையாகப் பால் நிறுத்திய விஷயத்தைச் சொன்னாள்.

“யாரு நிறுத்தச் சொன்னது?”

“எங்க அண்ணன்.”

“அவரு என்ன டாக்டரு?”

“லாரி ஓட்டறாரு.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “பால், தயிர் சாப்பாட்டோட சேர்த்துச் சாப்பிடணும். அதுல இருக்கற சுண்ணாம்பு, கீரை, கடலையிலேர்ந்து வர்ற கல்லுச் சமாசாரத்தை வயித்துக்குள்ளயே பிடிச்சு வெளிய தள்ளிடும். பாலை நிறுத்தினா கல்லு கூடும், குறையாது. உங்க அண்ணனை ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொல்லுங்க.”

அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே தயிர் வாங்கினார்கள். மகள் அதைக் கிண்ணத்தோடு கட்டிக்கொண்டாள். மனைவி போன் போட்டு அண்ணனை ஐந்து நிமிஷம் வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

இரண்டாம் வாரம் போயிற்று. பத்து மணி, பன்னிரண்டு மணி, இரண்டு மணி, நாலு மணி என்று தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. நடுவில் இரண்டு எலுமிச்சம்பழம். உடம்பு லேசாக இருந்தது. சாயங்காலத் தலைவலி என்று ஒன்பது வருஷமாக அவனோடு குடியிருந்த ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைக் காலி செய்துகொண்டு போயிருந்தது. கல் மட்டும் அசையவில்லை. இரண்டு தடவை வலி வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான்.

மேலே அவள் நன்றாகத்தான் ஓட்டினாள். அதுதான் அவனுக்கு வயிற்றில் இன்னொரு கல். கான்கிரீட் வாளியைக் கிழக்குக் காற்றில் ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுபோய் வைத்தாள். எஞ்சினியர் இரண்டு தடவை தலையாட்டியதைப் பார்த்தான். ஒரு மதியம் அவள் கீழே வந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டே அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அண்ணே, உங்க சீட்டைப் பிடுங்க நான் வரல. எனக்கு எங்க போகச் சொல்றாங்களோ அங்க போவேன்.”

“தெரியும்.”

“தெரிஞ்சா ஏன் என் கேபினை அந்த மொற மொறைக்கறீங்க?”

“உன் கேபினா?”

“பாத்தீங்களா!” என்று சிரித்து இரண்டு சுளையை நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். “இன்னும் எத்தன நாள் இருக்கு?”

“பன்னெண்டு.”

“விழுந்துடும். நான் வேணா காலைல ஒரு தடவ, ‘கல்லே எறங்கு’ன்னு மைக்குல சொல்லட்டுமா?”

சொன்னாள். அதற்குப் பிறகு தினமும் காலை ஏழு மணிக்கு முதல் சேதியே அதுதான். “கல்லே எறங்கு. ஓவர்.” எட்டாவது மாடியிலிருந்து தச்சர்கள், “எறங்கு, எறங்கு,” என்று பின்பாட்டுப் பாடினார்கள்.

மூன்றாவது வாரத்துக் கடைசி நாள். காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது திருப்புளி மறுபடி வந்தது. இந்தத் தடவை வேறு மாதிரி, ரொம்பக் கீழே, கத்தி மாதிரி. சிவப்பு நூல் வடிகட்டியை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினான். வெளியே மனைவி நீலச் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி நின்றாள். பஸ் போய்விடும், ஆனாலும் நின்றாள்.

உள்ளே ஓர் அலறல். அதன் பிறகு, எவர்சில்வர் வலையில் டிங் என்று ஒரு சத்தம். அவ்வளவு சின்னச் சத்தம் கதவுக்கு வெளியிலும் கேட்டது.

“விழுந்துடுச்சாங்க?”

கதவைத் தட்டினாள்.

“என்னங்க! உயிரோட இருக்கீங்களா?”

“ஷ்ஷ். பாத்துக்கிட்டிருக்கேன்.”

வெளியே வந்தான். மூவரும் ஜன்னல் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தார்கள். பழுப்பாக, முள் முள்ளாக, ஒரு மிளகளவு.

“இதுவாப்பா?” என்றாள் மகள். “இதுக்கா அவ்ளோ கத்தின?”

“உனக்கென்ன தெரியும்? உங்கம்மாவக் கேளு.”

“என்னக் கேட்டா, உன்னப் பெத்தப்போ நான் இதுல பாதிகூடக் கத்தலைன்னு சொல்லுவேன்,” என்றாள் மனைவி. சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பஸ் போய்விட்டிருந்தது.

டாக்டரிடம் போகும் வழியில் வேலைத்தளத்தில் காட்டிவிட்டுப் போகலாம் என்று ஒரு சின்ன டப்பாவில் எடுத்துப் போனான். கூட்டம் கூடிவிட்டது. ஜல்லியைச் சலித்துப் பார்க்கும் பரிசோதனைக்காரர் டப்பாவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“இது நம்ம ரெண்டாம் நம்பர் சல்லடையிலயே நிக்காது. மணல்ல சேத்தி.”

“மணலா?” என்று சீறினான் ஒட்டகம். “அதோட நாலு பக்கமும் முள்ளு இருக்கு பாரு.”

“பலமும் சோதிக்கணுமா? நசுக்கிப் பாத்துடலாமா?”

“தொட்டே, கையை ஒடிச்சுடுவேன். டாக்டருக்குக் கொண்டு போறது.”

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. டாக்டர் டப்பாவைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, கேபினில் ஏறலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். காகிதத்தை உடனே கொடுக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

“இது போச்சு. இன்னொண்ணு வராதுன்னு நான் எழுதித் தர மாட்டேன். ஒரு தடவை வந்தவங்களுக்குத் திரும்ப வர்றது சகஜம். தண்ணி, உப்பு எல்லாம் நாலு வாரத்துக்கு இல்ல, ஆயுசுக்கும். மேல போனதும் மறுபடி ஒட்டகமா?”

“மேல கக்கூஸ் வந்துடுச்சு டாக்டர்.”

“அப்படியா! நல்ல கம்பெனி.”

“கம்பெனி இல்ல,” என்றான். “ஒரு பொம்பள கொண்டாந்தா.”

கேபின் சீட்டு அவனுக்கே திரும்பி வந்தது. அவளைப் பக்கத்து ஊரில் அதே கம்பெனி கட்டும் பன்னிரண்டு மாடிக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் முதுகுப்பையோடு இறங்கி வந்து கேபின் சாவியை அவன் கையில் வைத்தாள்.

“சீட்டை ரெண்டு படி ஒசத்தி வச்சிருக்கேன். எறக்கிக்கங்க.”

“நல்லா ஓட்டினம்மா.”

“தெரியும்.” சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். “அண்ணே, போன் பண்ணி விசாரிச்சேன். அந்த சைட்டுல மேல ஒண்ணும் இல்லியாம். அங்கயும் தெனம் ரெண்டு தடவ எறங்கி, ரெண்டு தடவ திட்டு வாங்கணும். நான் கேட்டா திமிருன்னுவாங்க. நீங்க ஒம்போது வருஷ ஆளு. எஞ்சினியர் உங்க பேச்சக் கேப்பாரு. எனக்காக ஒரு வார்த்தை கேட்டு, அங்க ஒண்ணு வைக்கச் சொல்லுங்க.”

இதுவரை எஞ்சினியரிடம் அவன் எதையும் கேட்டதில்லை. விடுமுறைகூட. சாவியைப் பையில் போட்டுக்கொண்டான்.

“வச்சுக் குடுக்கறேன். என் பொறுப்பு.”

“வாக்கா?”

“வாக்குத்தான்.”

திங்கட்கிழமை ஏழு மணிக்கு ஏறினான். பத்து மணிக்குப் பாட்டிலை முடித்தான். பத்தரைக்கு இரண்டு ஏணி இறங்கிப் பாலம் தாண்டிப் போய்விட்டு, ஏழு நிமிஷத்தில் திரும்பி வந்து உட்கார்ந்தான். வாக்கிடாக்கியை எடுத்தான். வைத்தான். இன்னொரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி எடுத்தான்.

“எஞ்சினியர் சார், கிரேன்லேர்ந்து பேசறேன்.”

“என்னப்பா, மறுபடி வலியா?”

“வலி இல்ல சார். அந்தப் பன்னெண்டு மாடிக்கு மேல ஒரு கக்கூஸ் வேணும். ஓட்டற அந்தம்மாவுக்கு.”

லைனில் கொடிக்காரர் தாழ்ந்த குரலில், “யப்பா! வாயத் தொறந்துட்டான்,” என்றார். அது எல்லோருக்கும் கேட்டது. “பாக்கலாம்ப்பா,” என்றார் எஞ்சினியர்.

செவ்வாய்க்கிழமை பத்தரை ஆனதும் கேட்டான். “சொல்லியிருக்கேன்,” என்றார். புதன்கிழமை கேட்டான். லாரி கிடைக்கவில்லை என்றார். வியாழக்கிழமை அவன் கேட்பதற்கு முன்னால் தச்சர்கள் கேட்டுவிட்டார்கள், எட்டாவது மாடியிலிருந்து, ஒரே குரலில். எஞ்சினியர், “ஏம்ப்பா, எனக்கு வேற வேலையே கிடையாதா?” என்று கத்திவிட்டு, தானும் சிரித்துவிட்டு, அடுத்த வாரம் என்றார். அந்த அடுத்த வாரமும் வந்து போய்விட்டது. மேஸ்திரி அவனைப் பார்த்தால் இப்போது ஒட்டகம் என்று கூப்பிடுவதில்லை. “என்ன கக்கூஸு, சௌக்கியமா?” என்கிறார். அவனும் சௌக்கியம் என்கிறான்.

அவளுக்குப் போன் போட்டுக் கேட்டான். தினமும் பத்தரைக்கும் நாலுக்கும் இறங்குகிறாளாம். தண்ணீரை மட்டும் குறைக்கவில்லையாம்.

இன்றைக்கும் கேட்டாயிற்று. நாளைக்கும் கேட்பான். அதுவரை, பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் அந்தப் பெண்ணுக்கு அவன் ஒரு கழிப்பறை பாக்கி.